ஸ்வெட்டருக்கு அடியில் போன புடவை: குன்னூரில் ஒரு வங்கி அலுவலரின் உடைப் பாணி – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் நாற்பதைக் கடந்த ஒரு பெண். திருச்சியில் பிறந்து வளர்ந்து, அந்த வட்டாரக் கிளைகளிலேயே பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, பதவி உயர்வோடு வந்த இடமாறுதலில் குன்னூருக்குக் குடிபெயர்ந்த வங்கி அலுவலர். குன்னூரில் தையலகம் நடத்தும் என்னிடம் அவர் முதலில் வந்தது பிளவுஸ் தைத்துக்கொள்ளத்தான். அளவு எடுத்து முடித்த பிறகு, கிளம்பும் நேரத்தில் தயங்கியபடி ஒரு கேள்வி கேட்டார்: "அக்கா, திருச்சியில நான் எதைக் கட்டிட்டுப் போனாலும் எங்கே எடுத்தீங்கன்னு நாலு பேர் கேட்பாங்க. இங்கே வந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது, ஒருத்தர் கேட்கலை. எனக்கு வயசாயிடுச்சா, இல்லை ரசனை போயிடுச்சா?" அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பதிவே இது. அவருடைய இசைவோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பீரோவும் புகைப்படங்களும்

ரசனை போய்விட்டதா என்று பார்க்கப் பீரோவைத் திறந்தால் போதும். சின்னாளப்பட்டி, நெகமம் பருத்திப் புடவைகள், மதுரைச் சுங்குடி, கோவை கோரா காட்டன், விசேஷங்களுக்கு என்று எடுத்துவைத்த சில பட்டுகள், வேலை நாள்களுக்கான சுடிதார்கள் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த துணிகள் அவருடைய வீட்டில் இருந்தன. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு விலைகளில் வாங்கப்பட்டிருந்தும், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தது ஒரே கண் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. உடலில் பூவேலை கிடையாது. பார்டர் இரண்டு விரல் அகலத்தைத் தாண்டவில்லை. முந்தானை மட்டும் எதிர் நிறத்தில் நின்றது. ஒருவர் திரும்பத் திரும்பச் செய்யும் தேர்வுகளையே பாணி என்று சொல்கிறோம் என்றால், அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. புதிதாக உருவாக்கவேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்ததாக, குன்னூருக்கு வந்த பிறகு எடுத்த புகைப்படங்களைக் கைபேசியில் காட்டச் சொன்னேன். கிளையில் நடந்த பொங்கல் விழா, ஓய்வுபெற்ற சக ஊழியர் ஒருவருக்கான பிரிவுபசாரம், ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஊட்டி மலர்க் கண்காட்சி. ஒவ்வொன்றிலும் அவர் வெவ்வேறு புடவை கட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் மேலே அதே சாம்பல் நிற ஸ்வெட்டர் இருந்தது. மாறுதலாகி வந்த முதல் வாரத்தில், ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்கு அருகிலுள்ள திபெத்தியச் சந்தையில் அவசரத்துக்கு வாங்கியது என்றார். கழுத்து முதல் இடுப்புவரை ஸ்வெட்டர். அதற்குக் கீழே கொஞ்சம் கொசுவம். வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கொசுவமும் இல்லை. அவருடைய ரசனையைக் குன்னூரில் யாரும் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை.

என் கணிப்பில் இந்த ஆய்வின் மையம் இதுதான்: மலைவாசிக்கு அவருடைய மேலாடைதான் உடை. அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் அவருக்கும் கண்ணாடிக்கும் இடையிலான சங்கதி.

ஏன் இப்படி ஆகிறது

குளிர்நாடுகளிலும் மேலாடை உண்டே, அங்கே இந்தச் சிக்கல் இல்லையே என்று கேட்கலாம். அங்கே கட்டடங்களுக்கு உள்ளே வெப்பமூட்டும் வசதி இருக்கிறது. வாசலில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போகிறவர்கள், அன்றைய நாளின் பெரும்பகுதியைக் கோட்டுக்குள் அணிந்த உடையில்தான் கழிக்கிறார்கள். 1985இல் நியூயார்க்கின் ஆடை வடிவமைப்பாளர் டோனா கரன் வெளியிட்ட, ஒன்றோடொன்று மாற்றிச் சேர்த்து உடுத்தும் புகழ்பெற்ற ஏழு உருப்படித் தொகுப்பும், அதன் வழியில் இன்று எங்கும் பரிந்துரைக்கப்படும் குறைந்த துணியில் நிறைந்த உடை என்ற திட்டங்களும், அறைக்குள் குளிராது என்பதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இரண்டு ஊர்களிலும் பெரும்பாலான வீடுகளிலோ அலுவலகங்களிலோ கணப்பு கிடையாது. பழைய கல் கட்டடம் ஒன்றின் உள்ளே டிசம்பர் மாதக் காலையில் நிற்பவருக்கு, வெளியே வெயிலில் நிற்பவரைவிடக் கூடுதலாகக் குளிரும். ஆகவே இங்கே மேலாடை கழற்றப்படுவதே இல்லை. சமையலறையிலும் அதே ஸ்வெட்டர், கல்யாண மண்டபத்திலும் அதே ஸ்வெட்டர்.

இதோடு ஒரு மனப்பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஸ்வெட்டரை உடையாக நினைப்பதில்லை. குடையைப் போல, மருந்தைப் போல, ஒரு பாதுகாப்புச் சாமானாக நினைக்கிறார்கள். புடவைக்கு நாலாயிரம் கொடுக்கத் தயங்காதவர் ஸ்வெட்டருக்கு நானூறுக்குமேல் கொடுக்க மனமில்லாமல் பேரம் பேசுவார். இவருடைய மாமியார், மருமகள் கண்ணாடி முன் நேரம் எடுத்துக்கொள்ளும்போதெல்லாம், "பொடவைய யாரு பார்க்கப் போறாம்மா, குளிருக்கு மூடிட்டுக் கெளம்பு" என்பாராம். அன்போடு சொல்லப்பட்ட அந்த வார்த்தையில் ஒரு துல்லியமான நோக்கு இருந்தது. புடவையை உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை.

அந்த ஸ்வெட்டரை என் வெட்டு மேசையில் விரித்துப் போட்டுப் பார்த்தோம். தோள்பை உரசும் வலது விலாவில் நூல் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டிருந்தது. கைகளின் விளிம்பு, பாத்திரம் கழுவும்போதெல்லாம் முழங்கைக்கு ஏற்றிவிட்டதில் தளர்ந்து அலையாகியிருந்தது. உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. கம்பளியாக இருந்திருந்தால் முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்திருக்கும். அக்ரிலிக்தான்; கம்பளி என்று சொல்லி விற்கப்பட்டது. அதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஊட்டி ஸ்வெட்டர் என்று சுற்றுலாப் பயணிகள் ஆசையோடு வாங்கிப் போவதில் பெரும்பகுதி லூதியானாவில் பின்னப்பட்டு வருவது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் நுண்ணிய கம்பளி தரும் நீலகிரி ஆட்டினத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருந்தும், அந்தக் கம்பளியில் பின்னிய ஆடை எங்கள் கடைத்தெருவில் என் கண்ணில் பட்டதில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது துணியைவிட அமைப்பு. ஸ்வெட்டரின் இடது முன்பக்கம் வலதைவிட ஒரு விரல் அளவு மேலேறியிருந்தது. மடித்து ஊக்குக் குத்திய முந்தானை இடது தோளில் ஆறேழு அடுக்காகத் தங்குகிறது. அதன் மேல் ஸ்வெட்டரைப் போடும்போது அந்தத் தோள் புடைத்து, முன்பக்கத்தை மேலே இழுத்து, ஜிப்பைக் கோணலாக்கிவிடுகிறது. இரு பக்கமும் சமமாக இருக்கும் உடம்புக்கென்று தைத்த சட்டையை, ஒரு பக்கம் மட்டும் கனக்கும் உடையின் மேல் மாட்டினால் வேறென்ன நடக்கும்? எத்தனை விலை கொடுத்து எத்தனை நல்ல ஸ்வெட்டர் வாங்கினாலும் அதைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டிருக்கும்வரை இந்தக் கோணல் தீராது.

முதல் முயற்சி: கோட்டு

என் கணிப்பைக் கேட்டதும், நல்ல மேலாடை வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். கைபேசியில் அவர் சேர்த்துவைத்திருந்த படங்களெல்லாம் பனி பெய்யும் ஊர்களில் நீண்ட கோட்டும் பூட்ஸும் அணிந்த பெண்களுடையவை. முழங்கால்வரை வரும் ஒட்டகநிறக் கோட்டு ஒன்றை இணையத்தில் வரவழைத்தார். நான் தடுக்கவில்லை, சொல்லிப் புரிவதைவிட ஒரு மாதம் உடுத்திப் புரிவது மேல்.

மேல் குன்னூரில் அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து பேருந்து நிலையப் பக்கம் இறங்கவேண்டுமானால் நீளமான படிக்கட்டு ஒன்றைக் கடக்கவேண்டும். இறங்கும்போது கோட்டின் கீழ் விளிம்பு கொசுவத்தை உதைத்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை என்றால் கோட்டைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை வேண்டியிருந்தது. பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் கழற்றியாகவேண்டும். கழற்றினால் கிளையில் மாட்ட இடமில்லை. நெரிசலான பேருந்தில் அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து கோட்டு பீரோவில் தொங்கியது. சாம்பல் ஸ்வெட்டர் திரும்பி வந்தது.

தோட்டப் பெண்களின் சட்டை

இந்த மலையில் அடுக்கி உடுத்துவதைப் பற்றி மிகச் சிந்தித்தவர்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் என்பது என் உறுதியான எண்ணம். பிளவுஸுக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அல்லது ஸ்வெட்டர். அதன் மேல் புடவை. செடியின் ஈரம் படாதபடி இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் அல்லது தடித்த படுதா. கூடையின் பட்டை அழுத்தாமலிருக்கத் தலையில் துண்டு. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்த அடுக்கும் இன்னொன்றைக் கெடுப்பதில்லை. கவனிக்கவேண்டியது வரிசைதான். கதகதப்புத் தருவது புடவைக்கு உள்ளே இருக்கிறது, மேலே அல்ல. எங்கள் ஊர் மூதாட்டிகளில் பலர் கம்பளி பிளவுஸ் அணிந்து அதன் மேல் முந்தானை போடுவதும் இதே அறிவுதான். நகரத்துக் கண்ணுக்கு இது பட்டிக்காட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் மூடப்பட்ட புடவையை வெளியே கொண்டுவர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஸ்வெட்டரைச் சீர்திருத்துவதை விட்டுவிட்டு, பிளவுஸையே மேலாடையாக்குவது என்று முடிவு செய்தோம். துணித் தேர்வில் நாள்கள் போயின. கார்டுராய் கதகதப்பானது, பார்க்கவும் அழகு. ஆனால் கனமானது, நனைந்தால் எளிதில் காயாது. பின்னலாடைத் துணி உடம்போடு ஒட்டும். கவுன்டரில் உட்காருகிறவருக்கு அது சங்கடம் என்றார். கடைசியில் கைகொடுத்தது ஆண்களுக்கான சூட்டிங் துணி. கட் பீஸ் கடையில் ஒன்றரை மீட்டர், ஒன்றேகால் மீட்டர் என்று மிச்சமாய்க் கிடக்கும் கம்பளிக் கலவைத் துண்டுகள் ஒரு முழுக்கை பிளவுஸுக்குத் தாராளமாகப் போதும். கம்பளி இழை தன் எடையில் சுமார் 30 விழுக்காடுவரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இந்த ஊரின் ஓயாத நசநசப்புக்கு அந்தக் குணம் பெரிய வரம்.

வெட்டும் முறையை மாற்றவேண்டியிருந்தது. உள்ளே தெர்மல் பனியன் போட்டுக்கொண்டு வரச் சொல்லி அளவு எடுத்தேன். இல்லையென்றால் கைக்குழியில் பிடிக்கும். பனியனின் கழுத்து வெளியே தெரியாதபடி முன்கழுத்தை உயர்த்தி, ஓர் அங்குலத்துக்குச் சைனீஸ் காலர் வைத்தேன். கையை உயர்த்திப் பேருந்துக் கம்பியைப் பிடித்தால் இடுப்பு தெரிகிறது என்றதால், பிளவுஸின் நீளத்தைக் கூட்டி, அக்குளில் வைர வடிவத் துண்டு ஒன்றைச் சேர்த்தேன். கை உயர்ந்தாலும் பிளவுஸ் உயராது. கம்பளியை ஒவ்வொரு முறையும் துவைக்க முடியாது என்பதால், வியர்வை படும் இடத்தில் மல் துணியில் சிறு திண்டு தைத்து, பிரஸ் பட்டனில் மாட்டும்படி செய்தேன். அன்றாடம் திண்டை மட்டும் கழற்றி அலசினால் போதும். பிளவுஸை வெயிலில் காற்றாட விட்டால் சரி.

எதிர்பாராத பலன் ஒன்று இங்கே கிடைத்தது. புடவைக்கு ஒன்று என்ற கணக்கில் பிளவுஸ் தைப்பதுதான் நம் வழக்கம். புடவையோடு வரும் பிட்டு இருக்கவே இருக்கிறது. நிறம் ஒரு நூல் தள்ளிப்போனாலும் மனம் ஒப்பாது. சூட்டிங் துணியில் கிடைப்பதோ கரிநிறம், பாட்டில் பச்சை, காப்பிப் பழுப்பு, கருநீலம். கருநீலம் சீருடை போல இருக்கிறது என்று அவர் தள்ளிவிட்டார். மீதமுள்ள மூன்று நிறங்களும் பீரோவில் இருந்த பருத்திப் புடவைகளில் பெரும்பாலானவற்றோடு நின்றன. பொருத்தம் பார்ப்பது ஒழிந்து எதிர்நிலை பார்ப்பது வந்தது. உடலில் வேலைப்பாடில்லாத புடவை, எதிர்நிற முந்தானை என்று இவ்வளவு ஆண்டுகள் அவர் எடுத்த துணிகள் யாவும் அடர்நிற உயர்கழுத்து பிளவுஸுக்கு மேல் திடீரென்று ஒரு குடும்பமாகத் தெரிந்தன. குன்னூரில் அவருடைய பாணி என்று இன்று நான் சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான்.

அவர் மட்டும் உடனே நம்பவில்லை. ஆண்கள் துணியில் பிளவுஸா, கிழவி மாதிரி இருக்காதா என்ற தயக்கம் இருந்தது. பொங்கல்வரை மட்டும் உடுத்திப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவோம் என்று ஒரு கெடு வைத்தோம். உடை மாற்றத்துக்குக் கெடு வைப்பது புதிதல்ல. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டு அரையாடைக்கு மாறியபோது, முதலில் அக்டோபர் 31வரை என்றே வரையறுத்துக்கொண்டார். உடம்பைக் காக்கத் தேவைப்படும்போது போர்வை உண்டு என்ற விலக்கையும் சேர்த்தார். கெடு கடந்தும் அந்த உடை கடைசிவரை நின்றது. இவரிடம் அவ்வளவு பெரிய காரணம் எதுவும் இல்லை என்றாலும், நிரந்தர முடிவு என்ற பயம் விலகியதும் உடுத்திப் பார்க்கும் துணிச்சல் வந்தது. பொங்கலுக்கு முன்பே அடுத்த பிளவுஸுக்குத் துணி கொண்டுவந்துவிட்டார்.

மூடுபனியில் நிறம்

தோலின் நிறத்தை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பிரித்து, இன்னாருக்கு இன்ன நிறம் என்று சொல்லும் அட்டவணைகளை அவர் நிறையப் படித்திருந்தார். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. மனிதர் எந்த வெளிச்சத்தில் நிற்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் நிறம் சொல்வது பாதி வேலை. இங்கே ஆண்டின் பல மாதங்களில் மேகம் தரையில் நடக்கிறது. பனித்துளிகள் எல்லா நிற ஒளியையும் சமமாகச் சிதறடிப்பதால், பார்க்கும் பொருளுக்கு முன்னால் ஒரு வெண்திரை விழுகிறது. வெளிர் நிறங்கள் அந்தத் திரையில் கரைந்து சாம்பலாகிவிடும். கடையின் மஞ்சள் விளக்கில் மனதைக் கவர்ந்த லாவெண்டரும் பிஸ்தாவும் பெட்ஃபோர்டு சாலையில் மூடுபனியில் பார்த்தால் பழைய துணி போலத் தெரிவதன் காரணம் இதுதான்.

புடவைகளை வராந்தாக் கொடியில் வரிசையாகப் போட்டு, பனி மூடிய காலையில் ஒரு முறையும் வெயில் வந்தபின் ஒரு முறையும் வாசல் கேட்டிலிருந்து பார்த்தோம்; பிறகு கிளையின் குழல் விளக்கில் தெரியும் விதத்தையும் பார்க்கச் சொன்னேன். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, மயில்கழுத்து நிறம் ஆகியவை மூன்று வெளிச்சத்திலும் தங்கள் பெயரை இழக்கவில்லை. வெளிர் நிறப் புடவைகளை அவர் திருச்சியிலுள்ள தங்கைக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே அவை வெயிலில் பிரமாதமாக இருக்கின்றனவாம்.

வெள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சேறு தெறிக்கும் ஊரில் வெள்ளை ஆகாது என்று முதலில் ஒதுக்கினார். ஆனால் குளிர்கால ஹெத்தை அம்மன் திருவிழாவில் வெள்ளை முண்டும் தலைத்துணியுமாகப் படுகர் பெண்களும், தலைப்பாகையும் போர்வையுமாக ஆண்களும் பச்சைச் சரிவில் திரண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மலையின் ஒளியில் வெள்ளை எவ்வளவு தெளிவாக நிற்கும் என்பது தெரியும். அது ஒரு சமூகத்தின் மரியாதைக்குரிய உடை. மற்றவர் எடுத்து உடுத்திக்கொள்வதற்கானது அல்ல. நிறம் மட்டும் பொது. மழை இல்லாத சனவரி முதல் மார்ச்சுவரை அணிய ஒரு வெண்ணிறக் கோரா காட்டன் பீரோவில் தங்கியது.

இன்னொன்று, உயரம் கூடக் கூட வெயிலின் புறஊதாக் கதிரும் கூடுகிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு என்று கணக்கு. குளிர்கிறதே என்று பகல் முழுவதும் வெயிலில் காயப்போட்ட அடர்நிறத் துணி ஒரே பருவத்தில் வெளுத்துப்போவது இதனால்தான். உட்புறத்தைத் திருப்பிப்போட்டுக் காயவைத்து, காய்ந்தவுடன் எடுத்துவிடவேண்டும்.

மழை மாதங்கள்

ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை பெருமழை. கிழக்குச் சரிவைப் பார்த்திருக்கும் குன்னூருக்கோ அக்டோபர் முதல் டிசம்பர்வரையிலான வடகிழக்குப் பருவமழையே முக்கியம். அந்த மாதங்களில் பருத்திப் புடவையின் கீழ் பார்டர் நனைந்தால் நீர் இழை வழியாக மேலேறி, கிளையை அடைவதற்குள் கெண்டைக்கால்வரை ஈரமாகிவிடும். இதற்கு நான் கண்ட தீர்வு எதுவும் முழுமையானதல்ல. மழை மாதங்களில் புடவையை விட்டுவிட்டு, கணுக்காலுக்கு மேல் நிற்கும் நேர்க்கால் பேன்ட்டும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் குர்தியும், அதே சைனீஸ் காலர் அமைப்பில் தைத்த கையில்லாத நீள மேல்சட்டையும் என்று மாறினார். துப்பட்டாவைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. அதைக் கழுத்தில் சுற்றி மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டதில் மப்ளர் வாங்கும் செலவு மிச்சமாயிற்று.

எத்தனை உடை வேண்டும் என்பதற்கும் இங்கே வேறு கணக்கு. சமவெளியில் வாரத்துக்கு இத்தனை என்று வைத்துக்கொள்ளலாம். குன்னூரில் நவம்பரில் ஒரு தடித்த குர்தி காய மூன்று நாள் ஆகும். லைனிங் போட்ட பிளவுஸின் அக்குள் தையல் அதற்கும் மேலாக ஈரம் காக்கும். உடுத்தும் நாளைவிடக் காயும் நாளை வைத்தே எண்ணிக்கையை முடிவு செய்யவேண்டும். அதனால் மழைக்கால உடைகள் எண்ணிக்கையில் கூடியும், பட்டுப் புடவைகள் குறைந்தும் போயின. பட்டுகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதால், இரண்டைத் தவிர மற்றவை திருச்சி வீட்டுக்கே போய்விட்டன.

தோடர் போர்வை

நடுவில் ஒரு நாள், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலை செய்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து, "அக்கா, இதை வெட்டி ஒரு ஓவர்கோட் தைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். கணிசமான விலை கொடுத்து வாங்கியது. அன்றாடம் தோளில் போட்டதில் கைப்பையின் கொக்கி மாட்டி இரண்டு இடங்களில் நூல் இழுபட்டிருந்தது. கோட்டாகத் தைத்துவிட்டால் பத்திரமாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் கத்தரியை எளிதில் வைக்கமாட்டார்கள். தடித்த வெண்பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால், முன்கூட்டிக் கோலம் வரைந்துகொள்ளாமல், நெசவின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள். தூரத்தில் பார்த்தால் நெய்தது போலிருக்கும். விரலால் தடவினால்தான் தையல் என்று தெரியும். பூத்துக்குளி என்ற அந்தப் போர்வை தோடர்களின் சடங்குகளில் இடம்பெறுவது. இறந்தவர் மேலும் போர்த்தப்படுவது. 2013இல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திரத்தில் அச்சடித்த போலிகள் எத்தனையோ இருக்க, கையால் செய்த ஒன்றை வெட்டிக் கோட்டாக்குவது எனக்கு ஒப்பவில்லை. இழுபட்ட நூல்களை உட்புறமாக வாங்கி முடிச்சிட்டுக் கொடுத்தேன். கரிநிற பிளவுஸும் செங்கல் சிவப்புப் புடவையும் கட்டும் மாலை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். அன்றாட உடையில் அதற்கு இடம் தேடியதைவிட இது பொருத்தம்.

இப்போதைய நிலை

அண்மையில் அவர் காட்டிய புகைப்படங்களில் எந்தப் படம் எந்த விழாவில் எடுத்தது என்பதை உடையைக் கொண்டே சொல்ல முடிகிறது. எங்கே எடுத்தீங்க என்ற கேள்வி மீண்டும் வரத் தொடங்கியிருக்கிறது. ஆனால் இப்போது கேட்பது புடவையைப் பற்றி அல்ல, எங்கே தைத்தீர்கள் என்று. இதில் எனக்குத் தொழில்ரீதியான ஆதாயம் உண்டு என்பதால் அதை அளவுக்கு மீறி அழுத்திச் சொல்லவேண்டாம். சாம்பல் ஸ்வெட்டர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. சமையலறைக்கு அது போதும் என்கிறார், எனக்கும் அதில் மறுப்பில்லை. தீராத குறை ஒன்று உண்டு. அதிகாலை முகூர்த்தங்களுக்குப் பட்டு கட்டும்போது கம்பளி பிளவுஸ் முரடாகத் தெரிகிறது. பட்டுக்கு உரிய பளபளப்போடு கதகதப்பும் தரும் துணி ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அவருக்கு அடுத்த இடமாறுதல் நெருங்குகிறது, பெரும்பாலும் சமவெளிதான். சூட்டிங் பிளவுஸ்களைத் திருச்சி வெயிலில் நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் அவர் விட மறுப்பது துணியை அல்ல. காலரையும், அடர்நிறத்துக்கு மேல் எளிய புடவை என்ற சேர்க்கையையும்தான். ஆகவே அவருடைய காகித பேட்டர்னை எடுத்து, உள்ளே பனியன் இருக்காது என்பதற்காகக் கைக்குழியில் அரை அங்குலம் குறைத்து, காலரை ஓர் அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலமாக்கி, கையை முழங்கையோடு நிறுத்தி, மெல்லிய பருத்தியில் கரிநிறத்தில் ஒன்றும் பாட்டில் பச்சையில் ஒன்றுமாக வெட்டியிருக்கிறேன். சமவெளிக்கு அக்குள் துண்டு தேவையில்லை என்றேன். இருக்கட்டும், அங்கேயும் பேருந்தில் கம்பியைப் பிடிக்கத்தானே வேண்டும் என்றார். அதையும் வைத்தே தைக்கிறேன்.